பேர் வெட்டிய நாலு தட்டுகள்

1

ரோசம்மாக்கா, சரசு, பேச்சியம்மாள் மூவருக்கும், இந்த வருஷம் தன் அம்மா ஞானத்தின் இடத்தில் இருந்து இதை வாசிக்கிற லில்லி மகளுக்கும், டில்லியிலிருந்து அன்னபாக்கியம் எழுதுவது. நான் சுகம். முட்டி மட்டும் சுகமில்லை. அதனோடு இனி எனக்குப் பேச்சு கிடையாது. அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே என் வருஷத்துச் செய்தி உங்கள் கைக்கு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை பண்டிகை முடிந்து மறுநாள்தான் உட்காருகிறேன். ஒரு காரியம் முடியாமல் கிடந்தது. அது முடியாமல் உங்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. உங்கள் நாலு பேருடைய தட்டுகளும் என் கையைவிட்டுப் போயிருந்தன. வருஷ ஆரம்பத்திலேயே போய்விட்டன.

உடனே நெஞ்சைப் பிடிக்காதீர்கள். முழுதும் வாசியுங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். லக்ஷ்மிபாய் நகரில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சரம்மா பிழை திருத்தித் தருகிறார். "பிழையத் திருத்துங்க டீச்சர், பேச்சத் திருத்தாதீங்க. பெறவு எங்க ஆளுகளுக்கு நான்தான் எழுதினேன்னு தெரியாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2

முதல் செய்தி, வீடு. நம் பழைய சந்து இப்போது இல்லை. குடிசைக்குப் பதிலாக அரசாங்கம் கட்டிய மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, குழாயில் தண்ணீர், வாசலில் டைல்ஸ். லிஃப்டும் உண்டு. அதற்கு மனம் வந்தால் ஓடும்.

சாவி வாங்கப் போன இடத்தில் ஒரு கூத்து. கைரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன். எடுக்கவில்லை. பத்து விரலையும் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை சொல்கிறான், "மாதாஜி, உங்க விரல்ல ரேகையே இல்ல."

"எப்படிப்பா இருக்கும்? நாப்பது வருசம் சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல பாத்திரம் தேச்சவ நான். என் ரேகை எல்லாம் அந்த வீட்டுக் குக்கர்லயும் கடாய்லயும் இருக்கு. போய் எடுத்துக்கோ" என்றேன். என் இந்தியைக் கேட்டு வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, கண்ணை மெஷினில் காட்டச் சொன்னான். கண் உடனே பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த வருஷத்து என் முதல் யோசனை: பேச்சி, உனக்கும் ரேகை தேய்ந்திருக்கும். பென்ஷன் காரியத்துக்குப் போனால் விரலை வைத்து மல்லுக்கட்டாதே. கண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்.

மகன் ஜெபராஜ் ஏ.சி. ரிப்பேர் வேலையில்தான் இருக்கிறான். தமிழ் பேசுவான், ஆனால் கால் இடித்துக்கொண்டால் வாயில் வருவது இந்திதான். மருமகள் அனிமா ராஞ்சிக்காரி, உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நம் பாஷை தெரியாது, ஆனால் என் முகத்தை நன்றாக வாசிக்கத் தெரியும். அது போதும்.

3

தட்டுக்கு வருகிறேன். லில்லிக்கு இந்தக் கதை தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன்.

உன் அக்காவின் கல்யாணத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் டில்லியிலிருந்து ஒரே ரயில் பெட்டியில் வந்தோம் மகளே. வழியில் மதுரையில் இறங்கிப் பாத்திரக்கடைக்குப் போனோம். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, கனமானது. பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்கம்மா" என்றார்.

ரோசம்மாக்கா கேட்டாள், "எதுக்கு? அவரா இதுல சாப்பிடப் போறாரு?"

"அப்படித்தாம்மா வழக்கம்."

"எங்க வீட்டுல இருக்க பாத்திரம் பூரா அவருக்க பேருதான் கெடக்கு. இதுல எனக்க பேர வெட்டும்வே."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். விளிம்பில் புள்ளி புள்ளியாக ரோசம்மாள், சரஸ்வதி, பேச்சியம்மாள், ஞானம், அன்னபாக்கியம். உன் அம்மா ஞானம் ரயிலில் நாகர்கோவில் வரும்வரைக்கும் தட்டை மடியில் வைத்து விரலால் தன் பேரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கல்யாணம் முடிந்து டில்லிக்கு வந்து, பிறகு சில வருஷத்தில் ஒவ்வொருவராக ஊரோடு போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் தட்டை என்னிடம் கொடுத்து, "அடுத்த தடவ வந்தா இதுலதான் சாப்பிடுவேன், வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் வரவில்லை. தட்டுகள் மட்டும் என்னிடம் இருந்தன.

4

புது வீட்டுக்கு வந்ததும் சபை ஐயரை அழைத்து ஜெபம் வைத்தோம். அன்றைக்கு ஞாயிறு கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தேன். ஜெபம் முடிந்ததும் அக்கம்பக்கத்துக்கு ரவை லட்டு கொடுக்கலாம் என்று நினைத்தேன். எதில் கொடுப்பது? புது இடம், நாலு பேர் பார்க்கட்டும் என்ற பெருமை எனக்கு. உங்கள் நாலு தட்டுகளையும் புளி போட்டுத் தேய்த்து, நானே முக்காடு போட்டுக்கொண்டு, முட்டி வலியோடு படியேறி இறங்கி, நாலு வீட்டில் கொடுத்தேன். எந்தத் தட்டு எந்த வீட்டுக்குப் போனது என்று பார்த்து வைக்கவில்லை. சாயங்காலம் வந்துவிடும்தானே? நம் ஊரில் தட்டுத் திரும்பி வர எத்தனை நேரம் ஆகும்? அதிலும் வெறும் தட்டாக வருமா? குறைந்தபட்சம் ஒரு கை சீனியாவது போட்டு வரும்.

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று.

அனிமா கேட்டாள், "மாஜி, நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரவா?"

"கூடாது. குடுத்த தட்டக் கேட்டு வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது. அவுகளுக்கே தோணணும்."

அவளுக்கு நான் தமிழில் சொன்னது புரியவில்லை, நான் விட்ட மூச்சு புரிந்தது. போய்க் கேட்கவில்லை.

ஹோலி வந்தது. பழைய சந்தில் ஹோலி என்றால் நம் ஆட்களின் பிள்ளைகளே என்னை விடமாட்டார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். சரசு ஒருமுறை நீலத் தலைமுடியோடு ஒரு வாரம் வேலைக்குப் போனாளே. அதனால் நான் பழைய சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, தயாராக வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் வாளியோடு ஓடி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றார்கள். ஒரு தாய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு பூனை மாதிரி போய்விட்டார்கள். ஒரு பொட்டுக் கலர் என்மேல் படவில்லை.

அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. வேதக்காரி என்றா? மதராஸி என்றா? தட்டையும் வைத்துக்கொண்டு ஆளையும் ஒதுக்குகிறார்களே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே ஆட்கள்தான், லிஃப்ட் ஓடாத நாளில் என் பையைப் பிடுங்கிக்கொண்டு மாடி வரைக்கும் வருவார்கள். பக்கத்து வீட்டு கம்லா, பரேலிக்காரி, என் வயதுக்காரி, ஆனாலும் என்னைத் தீதி, அக்கா என்று கூப்பிடுகிறவள், அடிக்கடி கிச்சடி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். நல்லவர்களா கெட்டவர்களா என்று எனக்குக் கணக்கு வரவில்லை.

5

மழைக்காலத்தில் ஞானம் போய்விட்டாள். அடக்கத்துக்கு வர என்னால் முடியவில்லை. முட்டி கட்டிலோடு கட்டிப்போட்டிருந்த நேரம். லில்லி, நீ போனில் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"பெரியம்மா, அம்மா பேரு வெட்டின தட்டு உங்ககிட்டதான இருக்கு? வீட்டுல எந்தச் சாமானத்த எடுத்தாலும் அப்பா பேருதான் போட்டிருக்கு. அம்மா பேரு இருக்கிறது அந்த ஒண்ணுதான். பத்திரமா வச்சிருங்க."

"இருக்கு மக்களே" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எங்கே இருக்கிறது?

அன்றிலிருந்து என் கண் கட்டிடம் முழுக்கத் தட்டைத்தான் தேடியது. இரண்டாவது மாடி வங்காளி வீட்டு ஜன்னலில் மணி பிளான்ட் தொட்டிக்கு அடியில் ஒன்று. இன்னொரு வீட்டில் மண்பானைக்கு மூடியாக ஒன்று. கம்லா வீட்டுச் சாமி அலமாரியில் ஒன்று மினுங்குவது கதவு திறக்கும்போது தெரியும். கீழ்த்தளத்தில் பூஜா என்கிற இளம்பெண் வீட்டுக்குக் கொடுத்தது கண்ணிலேயே படவில்லை. எதில் ஞானம் இருக்கிறாள் என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. தொட்டிக்கு அடியில் இருப்பது அவளாக இருந்தால் என்ன செய்வேன் என்று அந்த ஜன்னலைப் பார்க்காமலேயே படி இறங்குவேன்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன யோசனை. குளிர்காலத்தில் யாராவது இங்கே வருவதாக இருந்தால் கட்டைவிரல் தனியாக இருக்கிற காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பும் போடலாம், காலும் விறைக்காது. பார்க்கக் குளம்பு மாதிரி இருக்கும், பரவாயில்லை. அச்சுமுறுக்குக்குப் பாக்கெட் மாவு வாங்கவே வாங்காதீர்கள், பச்சரிசி ஊறவைத்து இடியுங்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இப்போது முந்திரிக்கொத்துக்கு வேண்டிய சிறுபயறு, கருப்பட்டி எல்லாம் கிடைக்கிறது. காலையில் போனால் கடைக்காரர் நல்ல தேங்காயாக எடுத்துத் தருவார், மத்தியானம் போனால் மிச்சத்தைத் தருவார்.

6

இனிதான் விஷயம்.

பண்டிகைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள். ஜெபராஜ் வாசலில் ஸ்டார் கட்டினான். நான் சிவப்புப் பார்டர் சேலை கட்டிக்கொண்டு அடுப்பில் அச்சுமுறுக்கு போட்டுக்கொண்டிருந்தேன். அனிமா ராஞ்சிப் பாட்டு பாடிக்கொண்டு முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பலகாரம் கொடுக்கத் தட்டு இல்லாததால் கடையில் காகிதத் தட்டு வாங்கி வைத்திருந்தோம்.

கம்லா வாசலில் வந்து நின்றாள். ஸ்டாரைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

"தீதி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் வருஷம் திரும்பலையே. அதுக்குள்ள பண்டிகையா?"

"என்ன வருஷம்?"

"அதான்... நாலு பேரு போனாங்களே."

"யாரு போனா? எங்க போனா?"

"உங்க வீட்டுல தீதி. நீங்க வெள்ளை கட்டிட்டு, முக்காடு போட்டுட்டு, பேரு வெட்டின தட்டு கொண்டுவந்து குடுத்தீங்களே!"

எனக்குப் புரியவில்லை. அனிமாவுக்கு முதலில் புரிந்தது. முந்திரிக்கொத்தைக் கையில் பிடித்தபடியே, "அய்யய்யோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விளக்கினாள். கம்லா ஊர்ப் பக்கம் வீட்டில் யாராவது இறந்தால், அவர்கள் பேரை வெட்டிய பாத்திரத்தை லட்டோடு அவர்கள் நினைவாக அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்களாம். வாங்கினவர்கள் அதை வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுத்தால் இறந்தவரை அவமதித்தது போல. துக்க வீட்டுக்கு அந்த வருஷம் ஹோலியும் கிடையாது, தீபாவளியும் கிடையாது, அவர்கள்மேல் யாரும் கலர் போடமாட்டார்கள். நம் சந்து முழுக்கத் தமிழாட்களாக இருந்ததால் இத்தனை வருஷம் டில்லியில் இருந்தும் எனக்கு இது தெரியாது. கம்லாவுக்கு மட்டும் தட்டைத் திருப்பித் தருகிற நம் ஊர் வழக்கம் எப்படித் தெரியும்?

"எங்க ஊர் வழக்கத்த நான்தான் எல்லாருக்கும் சொன்னேன் தீதி. நாலு வீட்டுத் தட்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தோம். எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியல. ஆனா நாலும் வேற வேற பேருன்னு தெரிஞ்சுது. ஒரே நேரத்துல நாலு சாவா, எந்த பஸ் விபத்தோ, பாவம்னு நாங்க ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா உங்களுக்கு வலிக்குமே."

அக்கா, எனக்கு வந்த சிரிப்பில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஜெபராஜ் எண்ணெய் கொட்டிவிட்டது என்று ஓடி வந்தான். ஹோலியில் என்னைச் சுற்றிப் போன பிள்ளைகள், லிஃப்டில் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்துகிற பெண்கள், கிச்சடி, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஒரு வருஷம் முழுக்க ஒரு கட்டிடமே எனக்காகத் துக்கம் அனுசரித்திருக்கிறது!

"எல்லாம் உசுரோட இருக்காளுக கம்லா! கல்லு மாதிரி இருக்காளுக!" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றேன். "ஒருத்தி மட்டும் போயிட்டா. மழைக்காலத்துல. நான் தட்டுக் குடுத்தப்ப அவளும் நல்லாத்தான் இருந்தா."

கம்லா பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தத் தட்டு தீதி?"

"எனக்குத் தெரியல. படிச்சுப் பாக்கணும்."

7

படிக்கத்தான் போனோம். அந்தக் கட்டிடத்தில் தமிழ் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் மகனுக்குக்கூடத் தெரியாது. மூன்றாம் வகுப்புக்காரி முன்னால் போக, கம்லா, அனிமா, ஜெபராஜ் எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

முதலில் கம்லா வீடு. சாமி அலமாரியில், அவள் கும்பிடுகிற ராமர் படத்துக்குக் கீழே, தட்டில் ஒரு அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து விளிம்பைப் படித்தேன். ரோ... ச... அக்கா, நீங்கள்! தினமும் சாயங்காலம் உங்களுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறாள். பித்ருக்களுக்குப் படைக்கிற நாட்களில் உங்கள் பேருக்கு ஒரு பூரியும் கொஞ்சம் பாயசமும் காக்கைக்கு வைத்திருக்கிறாள்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று காட்ட அங்கேயே வீடியோ கால் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. கம்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. "இருக்கட்டும் தீதி" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கோயிலில் கிறிஸ்துமஸ் கீதப் பயிற்சிக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டா போவது? சரசுவிடம் பட்டன் போன், பேச்சி போன் அவள் மருமகனிடம். அன்றைக்கு உங்கள் மூவரில் ஒருத்தியைக்கூட என்னால் உயிரோடு காட்ட முடியவில்லை.

மணி பிளான்டுக்கு அடியில் இருந்தது சரசு. மண்பானையை மூடிக்கொண்டிருந்தது பேச்சி. உனக்குத்தான் எப்போதும் தாகம் எடுக்கும், சரியாகத்தான் போயிருக்கிறாய்.

அப்படியானால் ஞானம் கீழ்த்தளத்தில். படிக்கு ஒரு யோசனையாக இறங்கினேன். நசுங்கிப் போயிருந்தால்? பழைய சாமான்காரனுக்குப் போட்டிருந்தால்? லில்லிக்கு என்ன சொல்வேன்?

பூஜா கதவைத் திறந்தாள். உள்ளே அவள் மகள், எல்லாரும் குடியா என்று கூப்பிடுகிற சின்னக் குட்டி, தரையில் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டது அந்தத் தட்டில். விளிம்பில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் படித்தேன். ஞானம்.

"வேற தட்டுல போட்டா சாப்பிடவே மாட்டா ஆன்ட்டி" என்றாள் பூஜா. "இறந்தவங்க தட்டு, பிள்ளைக்கு வேண்டாம்னு என் மாமியார் சொன்னாங்க. இவ விடல. ராத்திரி கழுவி வச்சா, காலையில எடுத்துக்கிட்டு வந்து நிப்பா."

குடியா என்னைப் பார்த்து விரலால் எழுத்தைக் காட்டினாள். "இது என்ன?"

"பேரு. ஞானம்."

அவளுக்கு அந்த எழுத்து வரவில்லை. "நானம்" என்றாள். "நானம் எங்க?"

"அவ தட்டுத்தான் இது. மிச்சம் வச்சா அவளுக்குக் கோவம் வரும்" என்றேன்.

குடியா கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றுவிட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

லில்லி, நம் சந்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் தன் தட்டோடு போய் உட்கார்ந்து உருண்டை பிடித்துக் கொடுத்தவள் உன் அம்மா. அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு மாடி ஏற என் கை வரவில்லை மகளே. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். தட்டு பத்திரமாக இருக்கிறது. நான் அலமாரியில் வைத்திருந்தால்கூட இவ்வளவு பத்திரமாக இருந்திருக்காது. உனக்கு வேண்டும் என்றால், லீவு எடுத்துக்கொண்டு டில்லிக்கு வா. நீயே குடியாவிடம் கேள். கொடுக்கிறாளா பார்ப்போம்.

8

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நாங்கள் கோயிலிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். சரசுவின் தட்டு பனைவெல்ல சந்தேஷ் இனிப்போடும் ஒரு துண்டு மணி பிளான்டோடும் வந்தது. பேச்சியின் தட்டு, வாயில் போட்டதும் உதிர்கிற கஜக் என்கிற எள்ளு மிட்டாயோடு வந்தது. பல் இல்லாதவர்களும் தின்னலாம், அடுத்த யோசனையாக அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் தட்டு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள், "பாட்டி, அடுத்த ஹோலிக்கு ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பூசுவோம்" என்று இப்போதே மிரட்டுகிறார்கள். பூசட்டும்.

கம்லா மட்டும் பூரியும் அல்வாவும் வேறு தட்டில் கொண்டுவந்தாள். ரோசம்மாக்காவின் தட்டை அவள் தரவில்லை. அக்காவைக் கண்ணால் பார்க்காமல் விளக்கை அணைக்கமாட்டாளாம். போனை எடுக்காதவளை நம்ப முடியாதாம்.

அதனால் புத்தாண்டு அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் நான் வீடியோ கால் போடுவேன். லில்லி, நீ உன் போனை எடுத்துக்கொண்டு ரோசம்மாக்கா வீட்டுக்குப் போய்விடு. சரசுவும் பேச்சியும் யார் போனையாவது பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மாடி முழுக்க ஆட்கள் இருப்பார்கள், குடியா முன்வரிசையில் தட்டோடு இருப்பாள். எல்லாரும் சத்தமாகச் சிரியுங்கள், கையைக் காலை ஆட்டுங்கள், ஏதாவது தின்றுகொண்டே பேசுங்கள்.

ரோசம்மாக்கா, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு வந்து உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தயவுசெய்து வெள்ளை வேண்டாம்.